இருபது நத்தைகளும் ஒரு சாவியும்

2019 ஜூன் 11, செவ்வாய்க்கிழமை. காலை பதினொன்றே காலுக்கு, நாத்தால் நகரிலிருந்து வந்த பேருந்தில் ஒரு தெர்மோகோல் பெட்டி ரெசிஃபி பேருந்து நிலையத்தில் இறங்கியது. உள்ளே இருபது கடல் நத்தைகள் இருந்தன. பன்னிரண்டு மணிக்கு மோட்டார் சைக்கிளில் வந்த ஒருவர் அந்தப் பெட்டியைக் காசா ஃபோர்த்தே பகுதியில் உள்ள கார்னௌபா அடுக்குமாடிக் கட்டடத்தின் வாசலில் கொடுத்துவிட்டுப் போனார்.

ஒன்றரை மணிக்கு அதே வாசலில் துப்பறிவாளர் ஜுரேமா டான்டாஸ் காரை விட்டு இறங்கினாள். ஐம்பத்தேழு வயது. இருபத்தெட்டு வருடம் ஒரு காப்பீட்டு நிறுவனத்துக்காக, தானாகப் பற்றிக்கொண்ட கடைகளையும் தானாக மூழ்கிய படகுகளையும் விசாரித்தவள். இப்போது சொந்தத் தொழில். அவளுடைய விளம்பரத் தாள்களை விளக்குக் கம்பங்களில் ஒட்டுவது, கார் ஓட்டுவது, வாயை மூடாமல் பேசுவது ஆகிய மூன்றும் உதவியாளன் பியுவின் வேலை.

வாசலில் ஏணி மேல் நின்று, கட்டடக் காவலர் அர்லிந்தோ புனித யோவான் திருவிழாவுக்குக் காகிதக் கொடிகள் கட்டிக்கொண்டிருந்தார். கயிற்றின் நுனி அவர் பல்லில் இருந்தது.

"சேவு அர்லிந்தோ நீங்கதானே? வாயில கயிறோட பாக்கறப்போ யாரோ உங்களைக் கடத்திட்டு வந்து ஏணியில ஏத்திவிட்ட மாதிரி இருக்கு" என்றான் பியு. அந்த ஊரில் மரியாதைக்கு ஆண்களின் பெயருக்கு முன்னால் 'சேவு', பெண்களின் பெயருக்கு முன்னால் 'டோனா'.

அர்லிந்தோ கயிற்றைத் துப்பினார். சிரிக்கவில்லை. "ரெண்டாவது மாடி. டீச்சரம்மா அழுதுட்டு இருக்காங்க. ஏதாவது பண்ணுங்க, புண்ணியமாப் போகும்."

கணக்கு டீச்சர் வெரிதியானா அப்போது அழுதுகொண்டிருக்கவில்லை. அழுது முடித்திருந்தாள். பள்ளிக்கூடத்துப் பை தோளிலேயே தொங்க, நாற்காலியில் உட்கார்ந்து, மடியில் தண்ணீர் நிறைந்த ஒரு பிளாஸ்டிக் பையைக் கைக்குழந்தை போலப் பிடித்திருந்தாள். பையின் அடியில் இருபது நத்தைகள், கூழாங்கற்கள் மாதிரி அசையாமல் கிடந்தன.

அவளுக்குப் பின்னால் சுவர் முழுக்கத் தொட்டி. அறுநூறு லிட்டர் கடல்நீர். நடுப்பாறையில் சாப்பாட்டுத் தட்டு அளவுக்கு ஒரு தோல் பவளம் இருந்தது. அதன் வலது பாதி தெரியவில்லை. ஈரமான பச்சை மயிர் போலப் பாசி மூடியிருந்தது. தொட்டி ஓரத்தில் தேய்ந்துபோன பல் துலக்கும் பிரஷ்கள் ஏழு கிடந்தன.

"மூணு தடவை, டோனா ஜுரேமா. அறுபத்தாறு நத்தை. தொட்டியில விட்ட மறுநாள் ஒண்ணுகூட உசுரோட இல்ல."

"நத்தை இல்லாம இந்தப் பாசி போகாதா?"

"நான் தேய்க்கறேனே, விடிய விடிய. நான் ஒரு பக்கம் தேய்ச்சு முடிக்கறதுக்குள்ள இன்னொரு பக்கம் வளருது. நத்தைக்கு மட்டும்தான் இது சாப்பாடு." தொட்டியைத் திரும்பிப் பார்க்காமலே சொன்னாள். "அந்தப் பவளம் என்கிட்ட பதினாலு வருஷமா இருக்கு. இந்த ஊர்ல யார் வீட்டுத் தொட்டியில தோல் பவளம் இருந்தாலும் இதுலேர்ந்து வெட்டிக் குடுத்த துண்டுதான். இன்னும் ரெண்டு மூணு நாள் தாங்கும். அப்புறம் அழுக ஆரம்பிக்கும். அது அழுகினா தொட்டியே போச்சு."

"வேற நத்தை கிடைக்காதா?"

"நாத்தால்ல வளர்க்கறவர் இதுதான் கடைசிப் பைன்னு சொல்லிட்டார். நான் நத்தை வளர்க்கறவன்மா, சுடுகாட்டுக்கு சரக்கு அனுப்பறவன் இல்லன்னார்." பையை இன்னும் இறுக்கிப் பிடித்தாள். "இதுல காத்து சாயங்காலம் வரைக்கும்தான். தொட்டியில விட்டா சாகும். விடலேன்னாலும் சாகும். நான் என்ன பண்ணட்டும், நீங்களே சொல்லுங்க."

"உங்களுக்கு யார் மேல சந்தேகம்?"

"சந்தேகமே இல்ல. ஜில்வான்தான்." பெயரைச் சொல்லும்போது குரல் கெட்டிப்பட்டது. "என்கூட சேர்ந்து பவளம் வளர்த்தவன். போன வருஷம் சண்டை போட்டுப் பிரிஞ்சோம். ரெண்டு தெரு தள்ளிக் கடை வெச்சிருக்கான். இந்த வீட்டுச் சாவி ஒண்ணு அவன்கிட்ட இருக்கு, கேட்டும் தரல. நான் ஸ்கூல்ல இருக்கற நேரத்துல வந்து தொட்டியில எதையோ ஊத்தறான். பவளக்காரங்க குழுவுல போன வாரமே பேரைப் போட்டு எழுதிட்டேன். இன்னிக்கு அஞ்சு மணிக்குப் போலீஸ்ல எழுதிக் குடுக்கப் போறேன்."

ஜுரேமா கண்ணாடியருகே போய்க் குனிந்தாள். பச்சை படிந்த கண்ணாடியில் ஐந்து நத்தைகள் ஊர்ந்துகொண்டிருந்தன. ஒவ்வொன்றின் பின்னாலும், புழுதி படிந்த கார் மேல் விரலால் இழுத்ததுபோல ஒரு சுத்தமான கோடு. அடியில் இரண்டு இறால்கள் மீசையை ஆட்டிக்கொண்டிருந்தன. ஒரு துறவி நண்டு, நத்தை ஓட்டைச் சுமந்துகொண்டு பாறையைச் சுற்றியது.

"கொலைகாரன் இதோ" என்றான் பியு. "செத்தவன் சட்டையைப் போட்டுக்கிட்டு ஊர் சுத்தறான். வெக்கமே இல்ல."

"அது காலி ஓட்டுல குடிபோயிருக்கு" என்றாள் வெரிதியானா களைப்போடு. "ஒரு நண்டு அறுபத்தாறு பேரைக் கொல்லாது."

"இந்த அஞ்சு நத்தை?" என்று கேட்டாள் ஜுரேமா.

"பழசு. ஜில்வான் இருந்தப்போ வாங்கினது."

"அப்போ விஷம் ஊத்தினவன், இந்த அஞ்சையும் ரெண்டு இறாலையும் வெளியில கூப்பிட்டு உக்கார வெச்சுட்டு ஊத்தியிருக்கான். நல்ல மனசு."

நத்தைகளைக் கொல்லும் செம்புக் கரைசல் ஒரு சொட்டு கலந்தாலும் இறால் முதலில் சாகும் என்பது வெரிதியானாவுக்குத் தெரியும். தெரிந்தும் ஒரு வாரமாக அந்தப் பக்கம் யோசிக்காமல் இருந்திருக்கிறாள்.

"நத்தையை எப்படி உள்ள விடுவீங்க?"

"பையைக் கால் மணி நேரம் தொட்டியில மிதக்க விடுவேன், சூடு சமமாகட்டும்னு. அப்புறம் பைத் தண்ணியைக் கொட்டிட்டு நத்தையை மட்டும் எடுத்து விடுவேன். அந்தத் தண்ணி தொட்டியில கலக்கக் கூடாது."

"உப்பு?"

"நாத்தால்காரர் தொட்டியிலயும் என் தொட்டியிலயும் ஒரே அளவு. ஃபோன்ல கேட்டு வெச்சிருக்கேன்."

ஜுரேமா பையை வாங்கித் தூக்கிப் பார்த்தாள். கனமாக இருந்தது. முக்கால் பை தண்ணீர். வாயை மஞ்சள் பிளாஸ்டிக் கயிற்றால் மூன்று சுற்றுச் சுற்றிக் கட்டியிருந்தது. நத்தைகள் எல்லாம் உள்ளே இழுத்துக்கொண்டு, ஓட்டின் வாசலை வட்ட மூடியால் அடைத்திருந்தன.

"நாங்க வர்ற வரைக்கும் இதைத் தொட்டியில விட வேண்டாம்" என்று திருப்பிக் கொடுத்தாள்.

வழக்கில் ஜுரேமா செய்த ஒரே தவறு அதுதான். அந்தத் தவறு நத்தைகளின் நாற்பது நிமிடத்தைத் தின்றது.

ஜில்வானின் கடையில் ஆள் இல்லை. தொட்டிகளின் நீல வெளிச்சத்தில், முழங்கை வரை ஈரமாக, அவன் மட்டும் நின்றிருந்தான்.

"வாங்க வந்தீங்களா, திட்ட வந்தீங்களா? திட்டறவங்க வரிசை அந்தப் பக்கம். வாங்கறவங்க வரிசை ஒரு வாரமாக் காலியா இருக்கு."

"வெரிதியானா வீட்டுச் சாவியைப் பாக்க வந்தோம்" என்றாள் ஜுரேமா.

அவன் முகம் மாறியது. கல்லாவுக்குக் கீழே இருந்த டிராயரை இழுத்தான். அது பாதியில் சிக்கியது. காலால் உதைத்து இழுத்தான். பழைய குழாய்கள், ஒழுகும் உப்புப் பொட்டலங்கள், அவற்றுக்கு நடுவில் ஒரு சாவி. அதை மேஜை மேல் போட்டான். விழுந்த சத்தத்தில் உலோகம் குறைவாகத்தான் இருந்தது.

ஜுரேமா அதை வெளிச்சத்தில் திருப்பினாள். பற்களுக்கு இடையில் உப்பு கல்லாக இறுகியிருந்தது. நகத்தால் சுரண்டினாள்; துருவோடு சேர்ந்து ஒரு பல்லே உதிர்ந்தது.

"டோனா, இது சாவி இல்ல, கருவாடு" என்றான் பியு.

"இது ஒரு வருஷமா எந்தப் பூட்டையும் பாக்கல" என்றாள் ஜுரேமா. "ஏன் திருப்பித் தரல?"

ஜில்வான் கையைத் துணியில் துடைத்தான். தேவைக்கு மேல் நேரம் துடைத்தான். "அவ கேட்ட விதம் பிடிக்கல. அப்புறம், தந்துட்டா முடிஞ்சுபோச்சுன்னு ஆயிடும்."

மூலையில் ஒரு வாளி இருந்தது. மேலே உள்ள தொட்டியிலிருந்து ஒரு மெல்லிய குழாய் அதற்குள் இறங்கியது. குழாயில் ஒரு முடிச்சு. முடிச்சைத் தாண்டித் தண்ணீர் சொட்டுச் சொட்டாக விழுந்தது. வாளியில் நத்தைகள்.

"இதுவும் நாத்தால் சரக்கா?"

"அதே ஆளு, அதே பஸ். இன்னிக்குத்தான் வந்துச்சு. பஸ் ஸ்டாண்டுக்கு நானே போய் எடுத்துட்டு வருவேன். வேற யார் கையிலயும் விட மாட்டேன்."

"சொட்டுச் சொட்டா எதுக்கு? ரெண்டு இடத்துலயும் ஒரே உப்புதானே?"

"ஒரே உப்புன்னு அவர் சொல்வார். வழியில என்ன ஆச்சுன்னு யாருக்குத் தெரியும்? மீன்னா கொஞ்சம் சமாளிக்கும். நத்தையால முடியாது. வெளியில என்ன உப்போ அதுதான் அதுக்கு உள்ளயும். சட்டுனு மாத்தினா கதவைச் சாத்திக்கும், அப்புறம் திறக்கவே திறக்காது. ஒன்றரை மணி நேரம் சொட்டு விடணும். அப்புறம் ஒவ்வொண்ணா எடுத்து, கால் பக்கம் கீழ இருக்கற மாதிரி பாறையில வெக்கணும். மல்லாக்க விழுந்தா அதுக்குத் திரும்பத் தெரியாது. சொல்லிக் குடுக்கறதுக்குள்ள சண்டை வந்துடுச்சு."

ஜுரேமா கேட்டுக்கொண்டே குப்பைக் கூடையைப் பார்த்தாள். காலிப் பிளாஸ்டிக் பை ஒன்று கிடந்தது. அதன் கழுத்தில் இரண்டு ரப்பர் பேண்டுகள்.

"எப்பவும் ரப்பர் பேண்டுதானா?"

"பதினஞ்சு வருஷமா. கயிறு கட்டினா காத்து கசிஞ்சிடும்னு அவர் கயிறைத் தொடவே மாட்டார்."

"பையில எவ்வளவு தண்ணி இருக்கும்?"

"அடியில நாலு விரல். நத்தைக்கு நனைஞ்சிருந்தாப் போதும், காத்துதான் முக்கியம்."

ஜுரேமா நிமிர்ந்தாள். "ஜில்வான், நத்தையை நல்ல தண்ணியில போட்டா என்ன ஆகும்?"

"குழாய்த் தண்ணியிலயா?" அவன் அவளை உற்றுப் பார்த்தான். "கொஞ்ச நேரம் மூடியைச் சாத்திக்கிட்டுத் தாக்குப் பிடிக்கும். ஒரு மணி, ரெண்டு மணி. அதுக்கு மேல கடவுள் விட்ட வழி. யார் அப்படிப் போடுவா?"

"அவங்க பையில கயிறு கட்டியிருக்கு. முக்கால் பை தண்ணி."

ஜில்வான் சுவரில் மாட்டியிருந்த குழாய் ஒன்றை உருவி அவள் கையில் திணித்தான். "பாதித் தண்ணியைக் கொட்டிட்டு இதுல ஒரு முடிச்சுப் போடுங்க. வினாடிக்கு ரெண்டு சொட்டு, அவ்வளவுதான். பாத்துட்டு நிக்க முடியாம வேகமா விட்டீங்கன்னா மிச்சமும் போயிடும்."

"நீங்களே வாங்களேன்."

"அந்தப் படியை நான் ஏற மாட்டேன்."

பியு இரண்டு தெருவையும் இரண்டாவது கியரிலேயே விரட்டிக் கடந்தான்.

கார்னௌபாவின் வாசலில் கொடிகள் கட்டி முடிந்திருந்தன. சிவப்பு, நீலம், பச்சைக் காகிதங்கள். அவற்றைக் கோத்திருந்த கயிறு மஞ்சள். ஜுரேமா ஒரு கணம் அதைப் பார்த்தாள். "பியு, அவரை மேல கூட்டிட்டு வா. மரியாதையா" என்று சொல்லிவிட்டுப் படியேறினாள்.

வெரிதியானா அதே நாற்காலியில் இருந்தாள். ஜுரேமா பையை வாங்கிக் கயிற்றைப் பல்லால் அறுத்து, விரலை உள்ளே விட்டு நாக்கில் வைத்தாள். பிறகு பையை டீச்சரிடம் நீட்டினாள்.

"ருசி பாருங்க."

வெரிதியானா விரலை நனைத்து வாயில் வைத்தாள். இன்னொரு முறை வைத்தாள். மூன்றாவது முறை உள்ளங்கையில் அள்ளிக் குடித்தாள்.

"உப்பு இல்ல" என்றாள். "இது குழாய்த் தண்ணி. க்ளோரின் நாறுது. டோனா ஜுரேமா, இது என் மடியிலயே... இவ்வளவு நேரம் என் மடியிலயே..."

மணி இரண்டு இருபது.

ஜுரேமா வாளியை எடுத்து, பைத் தண்ணீரில் பாதியைக் கொட்டிவிட்டு மீதியை நத்தைகளோடு வாளியில் ஊற்றினாள். குழாயில் முடிச்சுப் போட்டு, ஒரு நுனியைத் தொட்டியில் விட்டு, மறு நுனியை வாயால் உறிஞ்சி இறக்கினாள். முதல் சொட்டு விழுந்தபோது அர்லிந்தோ வாசற்படியில் நின்றிருந்தார். தொப்பி கையில். இடுப்பில் கயிற்றுருண்டை. பியு அவருக்குப் பின்னால்.

"சேவு அர்லிந்தோ, டீச்சருக்கு வர்ற பெட்டியைத் திறந்தீங்களா?" என்று கேட்டாள் ஜுரேமா.

"திறந்தேன்" என்றார் அவர் உடனே. மறைக்கும் யோசனையே அவரிடம் இல்லை. "முதல் பெட்டி ஒழுகுச்சும்மா. கையில பட்டுச்சு, நக்கிப் பாத்தா ஒரே உப்பு. பெட்டி மேல எழுத்துக் கூட்டிப் படிச்சேன். உயிருள்ள நத்தைகள், உப்புத் தண்ணீர், கவனம்னு போட்டிருந்தான். கவனமா இருன்னுதானே போட்டிருக்கான்? எனக்கு நெஞ்சே பதறிப்போச்சு."

"ஏன்?"

"ஏனா? போன மழைக்கு இந்தத் தோட்டம் பூரா ஆப்பிரிக்க நத்தை வந்து மொய்ச்சுச்சே, அதைக் கொன்னது யாரு? நான்தானே. ஆறு மூட்டை உப்பு. மேல தூவினா நுரை தள்ளிச் சுருண்டு, உஸ்ஸுன்னு ஒரு சத்தம் வரும். அந்தச் சத்தம் தூக்கத்துலயும் கேக்குது எனக்கு. நத்தைக்கு உப்பு எமன்னு குழந்தைக்குக்கூடத் தெரியும். எந்த மடையனோ டீச்சரம்மா ஆசையா வாங்கற நத்தையை உப்புத் தண்ணியில போட்டு அனுப்பறான். அவங்க ஸ்கூல் விட்டு வர்றதுக்குள்ள செத்துடுமேன்னு, எடுத்து நல்ல தண்ணியில அலசிப் புதுத் தண்ணி ஊத்தி வெச்சேன்."

"இது கடல் நத்தை, சேவு அர்லிந்தோ" என்றான் பியு மெதுவாக.

"கடல்ல ஏதுப்பா நத்தை? நான் வறண்ட சீமையில பொறந்தவன்தான், ஆனா இந்த ஊருக்கு வந்து முப்பது வருஷமாச்சு. கடல்ல இருக்கறது சங்கு. தோட்டத்துல இருக்கறது நத்தை. பெட்டியில சங்குன்னு எழுதியிருந்தா நான் தொட்டிருப்பேனா?"

வாளியில் சொட்டு விழுந்துகொண்டிருந்தது. அர்லிந்தோ வெரிதியானாவின் முகத்தைப் பார்த்தார். அதில் எதையோ படித்ததும் அவர் குரல் இறங்கியது.

"முதல் தடவை ஒரு தண்ணிதான்மா மாத்தினேன். எல்லாம் செத்துடுச்சுன்னு அழுதீங்க. உப்பு சரியாப் போகல போலிருக்குன்னு நினைச்சேன். அடுத்த தடவையிலேர்ந்து மூணு தண்ணி மாத்தினேன். இன்னிக்கு நாலு."

வெரிதியானா இரண்டு கைகளாலும் வாயைப் பொத்திக்கொண்டாள். திட்டுவாள் என்று பியு நினைத்தான். அர்லிந்தோவும் அப்படித்தான் நினைத்திருக்க வேண்டும். தொப்பியை மார்போடு வைத்துக்கொண்டு காத்திருந்தார். "அஞ்சு மணிக்குப் போலீசுக்குப் போறீங்கன்னு தெரியும். என் பேரை எழுதிக்கங்க" என்றார்.

வெரிதியானா கைகளை இறக்கி வாளியைப் பார்த்தாள்.

"வாளி ஆடுது, சேவு அர்லிந்தோ. கொஞ்சம் பிடிச்சுக்கங்க."

அவர் முழங்காலில் உட்கார்ந்து வாளியைப் பிடித்தார். வினாடிக்கு இரண்டு சொட்டு. வேகப்படுத்தக் கூடாது. அவ்வப்போது வெரிதியானாவின் விரல் முடிச்சைத் தளர்த்தப் போகும். ஜுரேமா அந்த விரலைப் பிடித்துக்கொள்வாள். மூன்று மணிக்கு வாளியில் ஒன்றும் அசையவில்லை. மூன்றரைக்கும் அசையவில்லை. அடுக்களையில் சோளக்களி ஒரு பாத்திரத்தில் ஆறிப்போய்க் கிடந்தது. யாரும் தொடவில்லை.

நாலு மணிக்கு நத்தைகளை எடுத்தார்கள். செத்ததை மூக்கால் கண்டுபிடிக்க வேண்டும் என்றாள் வெரிதியானா. அந்த வேலை பியுவுக்கு வந்தது.

"இருபது வருஷம் மீன் மார்க்கெட்டுக்கு வேன் ஓட்டின மூக்கு" என்று ஆரம்பித்தவன், நாலாவது நத்தையை முகர்ந்ததும் நிறுத்திக்கொண்டான். அதைத் தனியாக ஒரு தட்டில் வைத்தான். அடுத்ததையும் அங்கேயே வைத்தான்.

தட்டுக்குப் போகாதவற்றை வெரிதியானா தோள்வரை கையை விட்டு, ஒவ்வொன்றாக, கால் பக்கம் கீழே இருக்கும்படி பவளத்தின் அருகே பாறையில் வைத்தாள். பிறகு நால்வரும் தரையில் உட்கார்ந்து கண்ணாடியைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். நாலே முக்காலுக்கு ஒன்று மூடியை ஒரு நூலளவு திறந்தது.

"டீச்சரம்மா" என்றார் அர்லிந்தோ. கண்ணாடியில் விரலை வைத்துக் காட்டினார்.

மாலை ஆறு மணிக்குக் கணக்கெடுத்தபோது இருபதில் பதினொன்று பாறையைப் பற்றி ஊர்ந்துகொண்டிருந்தன. ஒன்பது செத்திருந்தன. வெரிதியானா போலீசுக்குப் போகவில்லை. ஜில்வானைப் பற்றிக் குழுவில் எழுதியதை ஆறே காலுக்கு எடுத்துவிட்டு, தவறு தன்னுடையது என்று எழுதினாள். அவனை நான்கு முறை அழைத்தாள். அவன் எடுக்கவில்லை.

ஜூன் 20-ஆம் தேதி பவளத்தின் இடது பாதி விரிந்தது. வலது பாதி அழுகிவிட்டது. அதை வெட்டி எடுக்க ஜில்வான் வந்தான். அரை மணி நேரத்தில் வேலையை முடித்துவிட்டுப் போனான். சாவியைத் திருப்பித் தரவில்லை; அவளும் கேட்கவில்லை.